அக்காவின் கையெழுத்து

அன்புள்ள அண்ணனுக்கு,

2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை உரிமையாக்கிய ரோ-வேட் தீர்ப்பை ரத்து செய்தது. இன்று அங்கே மாநிலத்துக்கு ஒரு சட்டம். நாம் 1971லேயே கருக்கலைப்பை அனுமதித்துவிட்டோம். இந்த விஷயத்தில் நாம்தானே முற்போக்கு? ஏன் இதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை?

க.

அன்புள்ள க.,

பதில் தாமதம். உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றுதான் படித்தேன். அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன். கட்டி, நாலு வருஷமாக உதிரப்போக்கை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அத்தான் போய் ஆறு வருஷம். நர்ஸம்மா பாரத்தை அவளைத் தாண்டி என்னிடம் நீட்டினார்: "தம்பிதானே? இங்க போடுங்க." அக்கா தலைமையாசிரியை. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பிள்ளை டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போக முடியாது. "போடுடா, நேரமாகுது" என்றாள். போட்டேன்.

அமெரிக்காவை விடுங்கள், அதைப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். முற்போக்கு என்கிறீர்களே, அந்த 1971 சட்டத்தைப் படித்தீர்களா? படித்திருக்க மாட்டீர்கள். கருக்கலைப்பு நம் நாட்டில் இன்றும் குற்றம்தான். அந்தச் சட்டம் கொடுப்பது விலக்கு. அதுவும் டாக்டர் நல்லெண்ணத்தோடு சரி என்று கருதினால். கள்ளத்தனமாகக் கலைக்கப்போய்ச் செத்துக்கொண்டிருந்த பெண்களைக் காப்பாற்ற வந்த சட்டம், காப்பாற்றவும் செய்தது. கருத்தடை பலிக்காமல் போனால் கலைக்கலாம் என்ற சலுகை 2021 திருத்தம் வரை மணமானவளுக்கு மட்டும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 24 வாரம் வரை மணமாகாதவளுக்கும் உண்டு என்றது. நல்லது, சந்தோஷம்.

என் சண்டை அந்தக் கையெழுத்தோடு. பதினெட்டு வயது நிறைந்தவளின் சம்மதம் மட்டும் போதும் என்றுதான் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. கணவன் என்ற பேச்சே அங்கே இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிகளில் அவன் கையெழுத்தைக் கேட்கிறார்கள். ஏன் என்றால், "நாளைக்கு வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டா?" அந்தப் பயத்துக்குத் தீனி நீதிமன்றமே போட்டது. 2007இல் ஒரு விவாகரத்து வழக்கில், மருத்துவக் காரணமில்லாமல், கணவனுக்குத் தெரியாமல் மனைவி கருவைக் கலைத்தால் அது மனக்கொடுமை ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. மனைவிக்குச் சொல்லாமல் கணவன் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டாலும் அப்படித்தான் என்று அதே வரியில் இருக்கிறது. அந்தப் பாதி யார் ஞாபகத்தில் இருக்கிறது?

மறு வருஷமே அதே நீதிமன்றத்துக்கு இன்னொரு வழக்கு. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கத்தில் கிடந்த 44 வயதுப் பெண். வெளியே உட்கார்ந்திருந்த அவள் அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். செல்லாது, அவள் சம்மதம்தான் சம்மதம் என்றது தீர்ப்பு. பெற்ற தாயின் கையெழுத்தே செல்லாது என்றால், க., தம்பி கையெழுத்துக்கு என்ன மரியாதை? இது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டேன். அக்கா வலியில் இருக்கும்போது நர்ஸம்மாவிடம் தீர்ப்பு பேசவா முடியும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்படித்தான் எல்லா வீட்டிலும் ஓர் ஆண் பேனாவை எடுக்கிறான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதில் நானும் அடுத்த நாட்டைப் பார்த்துப் பெருமைப்பட்டவன்தான். உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், அவருடைய எந்த ஆபரேஷனுக்கு யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று. பதிலை எனக்கு எழுத வேண்டாம்.

அக்கா தேறிவிட்டாள். வீட்டுக்குக் கிளம்பும் அன்று இன்ஷூரன்ஸ் பாரம் வந்தது. நான் கை நீட்டினேன். இல்லை சார், பேஷண்ட்தான் போடணும் என்றார்கள். அக்காவுக்குக் கை நடுங்கியது. கையெழுத்து அடையாளச் சான்றில் இருப்பதுபோல் இல்லையென்று இன்னொரு முறை போடச் சொன்னார்கள்.