கல்லடுக்கும் பென்குயினும் காலில் அடைகாக்கும் பென்குயினும்

கேள்வி: மரமோ புல்லோ இல்லாத பனிநிலத்தில் பென்குயின்கள் எதைக் கொண்டு கூடு கட்டுகின்றன? கூடே கட்டாத பென்குயினும் உண்டு என்று என் மகள் பள்ளியில் கேட்டு வந்து சொல்கிறாள். அது உண்மையா?
*வாசகி, காரைக்குடி*

பதில்: உங்கள் மகள் சொல்வது உண்மைதான். ஆனால் முதலில் கூடு கட்டும் அடேலி பென்குயினைப் பார்த்துவிடுவோம். அண்டார்டிகக் கரையோரத்தில் அதற்குக் கிடைக்கும் கட்டுமானப் பொருள் கூழாங்கல் ஒன்றுதான். அங்கு வசந்தம் பிறக்கும் அக்டோபர் மாதத்தில், பெரும்பாலும் ஆண் பறவைகள் முதலில் கரையேறி, பனி விலகிய பாறை மேட்டில் சென்ற ஆண்டு தாங்கள் இருந்த இடத்தையே தேடிப் பிடித்து, வயிற்றைத் தரையில் அழுத்திக் கால்களால் பறித்து ஒரு சிறு குழி செய்கின்றன. பிறகு குழியைச் சுற்றிக் கல் அடுக்கும் வேலை தொடங்கும். ஒரு நடைக்கு ஒரு கல். அதை அலகில் கவ்விக்கொண்டு அசைந்து அசைந்து வரும் பறவை, துணையின் முன்னால் தலை தாழ்த்தி அதைக் கீழே வைக்க, கூட்டில் படுத்திருக்கும் துணை அந்தக் கல்லை அலகால் நகர்த்தி விளிம்பில் பொருத்திக்கொள்ளும். கல்லுக்குப் பஞ்சமான இடத்தில், பக்கத்துக் கூட்டுக்காரர் அசந்த நேரம் பார்த்து அவருடைய கல்லைத் தூக்கிவருவதும் நடக்கிறது.

ஒரு கல்லுக்காக இத்தனை பாடுபடக் காரணம் தண்ணீர். வெயில் ஏறப் பனி உருகி ஓடிவரும். அந்தக் குளிர்ந்த நீரில் முட்டை நனைந்தால் உள்ளிருக்கும் கரு பிழைக்காது. ஆகவே கூடு சில அங்குலம் உயர்ந்திருப்பதுதான் குஞ்சின் உயிருக்கு முதல் காப்பு. பெண் இரண்டு முட்டை இட்டதும் இரை தேடிக் கடலுக்குப் போய்விட, கரைக்கு வந்த நாள்முதல் எதுவும் உண்ணாத ஆண் முதல் முறை அடைகாக்கிறது. அதன்பின் இரண்டும் மாறிமாறிக் காக்க, ஏறத்தாழ ஐந்து வாரத்தில் குஞ்சு பொரிக்கும். மூன்று வாரம்வரை பெற்றோரில் ஒன்று கூட்டை விட்டு நகராது. நகர்ந்தால் ஸ்கூவா என்னும் கடற்பறவை குஞ்சைக் கொத்திச் சென்றுவிடும். அதற்குப்பின் குஞ்சுகளின் பசிக்கு ஒருவர் கொண்டுவருவது போதாமல் தாயும் தந்தையும் கடலுக்குப் போக, குஞ்சுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கும்பலாக நிற்கின்றன.

இனி உங்கள் மகள் சொன்ன எம்பரர் பென்குயின். அது முட்டையிடும் மே, ஜூன் மாதங்கள் அங்கே கடுங்குளிர்காலம். நிற்பதோ உறைந்த கடலின்மேல். கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. எனவே பெண் தான் இட்ட ஒற்றை முட்டையை ஆணின் பாதங்களுக்கு மாற்றுகிறது. அந்தச் சில நொடிகளில் முட்டை உருண்டு பனியில் கிடந்துவிட்டால் உறைந்துபோகும். ஆண் அதைப் பாதத்தின்மேல் ஏற்றி, அடிவயிற்றுத் தோல் மடிப்பால் போர்த்திக்கொண்டு, ஏறத்தாழ 65 நாள் நின்றபடியே காக்கிறது. பனிக்காற்றில் நூற்றுக்கணக்கான ஆண்கள் நெருங்கி ஒண்டி நின்று, மெல்ல நகர்ந்து இடம் மாறிக்கொள்கின்றன. கடலை விட்டு வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் அவை ஏறக்குறைய நான்கு மாதம் பட்டினி. தாய் திரும்புமுன் குஞ்சு பொரித்துவிட்டால், அந்தப் பட்டினி உடம்பே உணவுக்குழாயில் சுரக்கும் பால் போன்ற நீரை ஊட்டிக் குஞ்சைச் சில நாள் பிழைக்கவைக்கிறது. எத்தனை முறை படித்தாலும் என் மனம் நெகிழும் இடம் இது.

கேள்வி: ஆயிரக்கணக்கான குஞ்சுகளுக்கு நடுவே தன் குஞ்சைத் தாய் எப்படிக் கண்டுபிடிக்கிறது?
*வாசகர், திண்டுக்கல்*

பதில்: குரலால். அடேலிக்குக் கூடு இருந்த இடம் ஓர் அடையாளமாக உதவும். கடலிலிருந்து வரும் பறவை அங்கே வந்து நின்று கூவும். கூடே இல்லாத எம்பரருக்கு அந்த வசதி இல்லை. அதனால்தானோ என்னவோ, அதன் குரல் இன்னும் நுட்பமானது: ஒலியுறுப்பின் இரு கிளைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் இரு சுரங்கள் எழுந்து கலக்க, அந்தக் கலப்பு ஒவ்வொரு பறவைக்கும் வேறுபடுகிறது.

கேள்வி: பருவநிலை மாற்றம் குஞ்சு வளர்ப்பைப் பாதிக்கிறதா?
*வாசகர், தூத்துக்குடி*

பதில்: கண்கூடாகப் பாதிக்கிறது. எம்பரர் குஞ்சின் உடலில் முதலில் இருப்பது மென்தூவி. அது நீரை உள்ளே விட்டுவிடும். நீர் புகாத இறகு முளைக்க டிசம்பர் ஆகிவிடும் என்பதால் அதுவரை காலடிப் பனி உடையாமல் இருக்கவேண்டும். 2022ஆம் ஆண்டு அண்டார்டிகாவை ஒட்டிய பெல்லிங்ஸ்ஹாசன் கடலில் பனி முன்கூட்டியே உடைந்ததால், அப்பகுதியில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கண்காணிக்கப்பட்ட ஐந்து குடியிருப்புகளில் நான்கில் ஒரு குஞ்சுகூடப் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று ஆய்வாளர்கள் கண்டனர்.

பருவநிலை மட்டுமே காரணம் என்றும் சொல்வதற்கில்லை. தென்னாப்பிரிக்கா, நமீபியா கரைகளில் வாழும் ஆப்பிரிக்கப் பென்குயின், தலைமுறை தலைமுறையாகக் குவிந்து இறுகிய பறவை எச்சத்தில் வளை தோண்டிக் குஞ்சு பொரித்துவந்தது. 19ஆம் நூற்றாண்டில் அந்த எச்சத்தை உரத்துக்காக மனிதர்கள் சுரண்டி எடுத்துச் சென்றபின், வெறும் தரையில் சுடுவெயிலில் அது முட்டையிட வேண்டியதாயிற்று. அதன் இரையான மத்தி, நெத்திலி மீன்களும் குறைந்துபோக, 2024இல் அது மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. இப்போது அங்குள்ள பறவை ஆர்வலர்கள் வெயில் உள்ளே ஏறாத செயற்கைக் கூடுகளைச் செய்து கரையில் வைத்துவருகிறார்கள். பென்குயின்கள் அவற்றுக்குள் புகுந்து முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கவும் செய்கின்றன.