துக்க வருடத்தில் பாலன் குடில்: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நாங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில் வசிக்கும் கத்தோலிக்கக் குடும்பத்தினர். ஐப்பசிக் கடைசியில் விதைப்பு முடிந்த கையோடு அப்பா வயல் வரம்பில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே காலமானார். எங்கள் வீட்டில் நத்தார், அதாவது கிறிஸ்து பிறப்புத் திருநாள், என்றாலே அப்பாதான். மார்கழி பிறந்ததும் குடிலில் வைப்பதற்குச் சிரட்டைகளில் நெல் முளைக்க விடுவார். பனையோலை வெட்டி, இயேசு பாலன் பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் கட்டுவார். நடுச்சாமப் பூசை முடிந்து வந்ததும் எல்லோருடைய நெற்றியிலும் சிலுவை அடையாளமிட்டு ஆசீர்வதிப்பார். அதன் பிறகுதான் கேக் வெட்டுவோம். 2018 வெள்ளத்தில் பாடசாலையில் தங்கியிருந்தபோதும், வகுப்பறை மூலையில் இரண்டு வாங்குகளைச் சேர்த்து அதன் கீழே குடில் வைத்தவர் அவர்.

ஆண்டுத்திவசம் முடியும்வரை வீட்டில் எந்தப் பண்டிகையும் கூடாது என்று பெரியம்மா சொல்கிறார். செபக்குழுவிலுள்ள சிநேகிதியோ, துக்கம் காப்பது புறவினத்தார் வழக்கம் என்றும், விசுவாசமுள்ளவர்கள் மகிழ்ச்சியாகவே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறாள். அம்மா ஒன்றும் பேசுவதில்லை. என் மகன் யாரையும் கேட்காமல் சிரட்டையில் நெல் போட்டுவிட்டான். கனடாவிலிருக்கும் அண்ணா, மூத்த மகன் என்ற முறையில் இம்முறை தான் வீடியோவில் ஆசி கொடுப்பதாகச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தந்தையாரின் ஆன்மா இறைவனில் இளைப்பாறுவதாக. நீங்கள் கேட்டதற்கு விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குடிலைக் கட்டுங்கள், பலகாரச் சட்டியை இம்முறை அடுப்பில் ஏற்ற வேண்டாம். இரண்டு பக்கத்தாரையும் சமாளிப்பதற்காகச் சொல்லும் நடுவழித் தீர்ப்பு அல்ல இது. பெரியம்மாவும் சிநேகிதியும் ஆளுக்கொரு விதத்தில் எதையோ தவறவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பெரியம்மா சொல்லும் வழக்கம் வேதாகமத்தில் இல்லை என்பது உண்மைதான். வன்னியில் சைவரும் கிறிஸ்தவரும் ஒரே ஒழுங்கையில் வாழ்ந்து, ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் பந்தல் போட்டு வளர்ந்த வழக்கம் அது. செத்த வீட்டில் அந்த வருடம் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. அயல் வீட்டார் தங்கள் பலகாரத்தில் ஒரு பங்கை மூடிய தட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள். இதில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது? துக்கத்திலிருப்பவர் வருகிறவர்களுக்கெல்லாம் முகம் மலர்ந்து தட்டு நீட்ட வேண்டிய கட்டாயத்திலிருந்து அவரை விடுவித்து, அந்த வேலையை ஊர் தன் தலையில் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மக்களின் வாழ்க்கைமுறையில் மூடநம்பிக்கையோடும் தவறோடும் பிரிக்கமுடியாதபடி பிணைந்திராத எதையும் திருச்சபை பரிவோடு நோக்குகிறது என்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய சாசனம் சொல்லியிருக்கிறது. செபக்குழுக்களில் இதை அதிகம் பேசக் கேட்டதில்லை.

உங்கள் சிநேகிதி நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் தெசலோனிக்கருக்கு எழுதிய புனித பவுல், துக்கப்படவே கூடாது என்று எழுதவில்லை. நம்பிக்கையற்றவர்கள் துக்கப்படுவதுபோலத் துக்கப்பட வேண்டாம் என்றுதான் எழுதினார். சற்று நேரத்தில் உயிரோடு எழுப்பப்போகிற லாசருவின் கல்லறைக்குப் போகும்போதே ஆண்டவர் அழுதார் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. சேமக்காலையில் தகப்பனின் குழிமண் காயுமுன் மகளைச் சிரிக்கச் சொல்லும் விசுவாசம் எந்த நற்செய்தியிலிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. இந்த இருவரில் ஒருவர் பக்கம்தான் நிற்க வேண்டும் என்றால், நான் பெரியம்மாவின் பக்கமே நிற்பேன்.

இருந்தும் குடில் விடயத்தில் அவரோடு உடன்பட முடியவில்லை. நத்தாரை அவர் ஒரு குடும்பத்தின் நல்ல காலத்துக்குரிய கொண்டாட்டமாக எண்ணுகிறார். காலம் கெட்டால் அதைத் தள்ளிவைக்கலாம் என்பது அதிலிருந்து வருகிற முடிவு. நற்செய்தி சொல்லும் கதையோ முதலிலிருந்து கடைசிவரை குழம்பிய திட்டங்களின் கதை. பேரரசன் அகுஸ்து கணக்கெடுக்கக் கட்டளையிட்டதால் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டியதாயிற்று, விடுதியில் இடமில்லை, பிள்ளை பிறந்த பிறகும் சொந்த ஊருக்குத் திரும்ப முடியாமல் அயல்நாட்டுக்கு ஓட வேண்டியதாயிற்று. திருச்சபையின் நாட்காட்டியும் இதை மறைக்கவில்லை. 25 ஆம் திகதி பாலன் பிறக்கிறார். 26 ஆம் திகதி கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் திருநாள். 28 ஆம் திகதி ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் அழுகையை நத்தார் வாரத்துக்குள்ளேயே வைத்திருக்கிற ஒரு திருச்சபை, தகப்பனைப் பறிகொடுத்த வீட்டை அந்த வாரத்துக்கு வெளியே நிற்கச் சொல்லாது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமையாக இருந்தபடியால் அன்று திருக்குடும்பத் திருவிழா வந்தது. அந்த ஆண்டுக்குரிய நற்செய்தி வாசகம், குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குத் தப்பி ஓடும்படி தூதர் யோசேப்புக்குச் சொல்லும் பகுதி. அந்தக் காலையில்தான் முல்லைத்தீவுக் கரைக்குள் கடல் புகுந்தது. இதை ஒரு முன்னறிவிப்பாகக் காட்டுவது என் நோக்கமல்ல; அப்படிக் காட்டுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வரும். முந்திய இரவு உடுத்த புதுச்சட்டையோடு பிள்ளைகளைப் புதைத்த மக்கள் அடுத்த வருடம் நத்தாரை எப்படி எதிர்கொண்டிருப்பார்கள் என்பதை மட்டும் எண்ணிப்பாருங்கள். அவர்களுக்கு எஞ்சியது கொண்டாட்டமல்ல. அந்த வாசகமும், அது வாசிக்கப்படும் பூசையும்தான் எஞ்சின.

நம் பகுதியில் விசுவாசம் கைமாறிவந்த விதமே இதுதான். கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த ஒல்லாந்தர் காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனதிலிருந்து மடு மாதா திருத்தலத்தின் வரலாறு தொடங்குகிறது. 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் பூசைக்காக வீடுகளில் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தர் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். அக்காலத்தில் நத்தார் கோயிலில் அல்ல, கதவடைத்த வீடுகளில்தான் நடந்தது. 2008 ஏப்ரலில் போரினால் அதே மடுமாதா சுரூபம் திரும்பவும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய், ஆவணியில்தான் திரும்பியது. போகிறவர்கள் தூக்கிப் போகக்கூடியதைத் தூக்கினார்கள், மற்றதை விட்டார்கள்.

அந்த 2008 மார்கழியில் தருமபுரம் பக்கம் இடம்பெயர்ந்திருந்த குடும்பமொன்றின் தறப்பாள் கொட்டிலில் நான் கண்ட குடில் இன்னும் மனதில் நிற்கிறது. சுரூபங்களெல்லாம் முந்திய இடத்திலேயே விடுபட்டுப் போனதால், திருக்குடும்பத்தைச் செபப்புத்தகத்துப் படமொன்றிலிருந்து வெட்டி மட்டையில் ஒட்டியிருந்தார்கள். ஆடுமாடுகளைப் பிள்ளைகள் குளக்களியில் பிசைந்திருந்தார்கள். விடாத மாரியில் அவை காயவேயில்லை. ஒரு மாட்டின் கொம்பு விழுந்துகொண்டே இருந்தது. கடைசிப் பெட்டைப் பிள்ளை எச்சில் தொட்டு அதைத் திரும்பத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டிலும் துக்கம் இருந்தது. பெரியவர்கள் அதைப்பற்றிப் பேசவில்லை, குடிலைக் கலைக்கவும் சொல்லவில்லை. அடுத்த நத்தாருக்கு அவர்களைப் போன்ற பலர் வவுனியாவின் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்தார்கள்.

உங்கள் அப்பா 2018 இல் செய்ததும் இதே காரியம். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து ஊரெல்லாம் வெள்ளம் நின்ற வாரத்தில், கேக்கும் புது உடுப்பும் நடுச்சாமப் பூசையும் இல்லாமல் போனதைப்பற்றி அவர் கவலைப்படாமலிருந்திருக்க மாட்டார். ஆயினும் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே இம்முறை குடில் வேண்டாம் என்று சொல்வது அவருடைய வழக்கத்துக்கு மதிப்புக் கொடுப்பதாகாது. அவர் வெள்ளத்திலும் விடாத வழக்கத்தை, அவர் பெயராலேயே நிறுத்துவதாகிவிடும். பெரியம்மாவிடம் இதை வாக்குவாதமாக அன்றி, அந்தப் பாடசாலை மூலையை நினைவூட்டியே பேசுங்கள். மின்குமிழ் மாலையும் வெடியும் வேண்டாம் என்று அவர் சொன்னால் மறுக்காதீர்கள். அதில் இழப்பு ஒன்றுமில்லை.

குடிலை யார் கட்டுவது என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் இல்லை. அது ஏற்கெனவே தீர்ந்துவிட்டது; மகன் நெல் போட்டுவிட்டான். ஓலையை வெட்டிக் கொடுப்பதற்கு ஒரு பெரிய ஆள் உதவட்டும், மற்றதை அவனிடம் விட்டுவிடுங்கள். கூரை சரிந்து நின்றால் நிற்கட்டும். அம்மப்பா கட்டியதைப்போல இல்லை என்று மட்டும் யாரும் அவனிடம் சொல்லிவிடக்கூடாது.

ஆசியைப்பற்றி அண்ணாவோடு நான் முரண்பட வேண்டியிருக்கிறது. தூரத்திலிருந்து வீட்டில் ஓர் இடம் தனக்கும் வேண்டும் என்று அவர் ஏங்குவது விளங்குகிறது. தகப்பனின் நெற்றியைக் கடைசியாகத் தொடக்கூட முடியாமல் போன மகனாகவும் அவர் இருக்கலாம். ஆனால் பிள்ளைகளை ஆசீர்வதிப்பது பெற்றோரின் உரிமை. தந்தை போனால் அது மூத்த மகனுக்குப் போகும் சொத்தல்ல. தாய் இருக்கிறார். இத்தனை வருடமும் அப்பா முதலில் அவருடைய நெற்றியில்தான் சிலுவை இட்டிருப்பார். இனி அம்மா உங்கள் எல்லோருக்கும் இடட்டும். அண்ணாவும் தொலைபேசித் திரையில் தலையைக் குனிந்து அம்மாவிடம் ஆசி கேட்கட்டும். எதுவும் பேசாதிருக்கும் அம்மாவிடம் என்ன விருப்பம் என்று கேட்டால் “உங்கள் விருப்பம்” என்றுதான் பதில் வரும். ஆகவே கேட்காதீர்கள், செபமாலை முடிந்ததும் பேரனை அவர் முன்னால் நிறுத்துங்கள்.

இன்னும் ஒன்று. நடுச்சாமப் பூசைக்கு ஊர் முழுவதும் புது உடுப்போடு வரும்; வழியெல்லாம் கைகுலுக்கலும் வாழ்த்தும் இருக்கும். அதை அம்மா இந்த வருடம் தாங்குவாரா என்று நீங்கள் தயங்கினால், நத்தாருக்கு நள்ளிரவு, விடியல், பகல் என்று மூன்று பூசைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். மூன்றும் நத்தார்ப் பூசைதான், ஒன்று மற்றதற்குக் குறைந்ததல்ல. உங்கள் பங்குக் கோயிலில் எவை நடக்கின்றன என்று சுவாமியிடம் இப்போதே விசாரித்து, காலைப் பூசையை அப்பாவுக்காக ஒப்புக்கொடுக்கும்படி அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் போனால் சுவாமிக்கு மூச்சுவிடவும் நேரமிருக்காது.