நுரை பொங்கினால் அழுக்குப் போய்விடுமா?

மூடி நிறைய லிக்விட் ஊற்றியும் துவைத்த துணியில் ஒரு புளித்த வாடை அடிக்கிறது. அளவை இன்னும் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம், குறையுங்கள். எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதில். மூடி நிறைய ஊற்றுவது நாமாக வைத்துக்கொண்ட கணக்கு. மூடியை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள், கோடுகள் தெரியும். சாதாரண அழுக்குக்கு வேண்டியது பெரும்பாலும் பாதி மூடிகூட இருக்காது. மிச்சமெல்லாம் அலசலில் போகாமல் நூலிழைகளில் தங்கிவிடும். அந்தப் பிசுக்கில் வியர்வையும் எண்ணெயும் ஒட்டிக்கொள்ள, பாக்டீரியாவுக்கு விருந்து. வாடை அங்கிருந்துதான் வருகிறது.

சந்தேகமாக இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றை வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் நன்றாக அலசுங்கள். தண்ணீர் கலங்கி, மேலே நுரை கட்டினால், அது போன தடவை போட்ட சோப்பு. சோப்பே போடாமல் இரண்டு தடவை அந்தத் துணிகளை ஓட்டி எடுங்கள்.

முன்பக்கம் திறக்கும் மெஷினுக்கு இது இன்னும் முக்கியம். துணி மேலிருந்து கீழே விழுந்து அடிபட்டால்தான் அதில் அழுக்குப் போகும். நுரை மெத்தை மாதிரி நடுவில் நின்றால் அடி எங்கே விழும்? அதற்கென்று நுரை குறைவான சோப்பு தனியாகக் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள்.

ஒரு விதிவிலக்கு: தண்ணீர் கடினமாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகத்தான் வேண்டும். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பின் ஒரு பங்கை முதலிலேயே பிடித்துக்கொள்ளும்.

ரத்தக் கறையைக் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்தேன். போகவே இல்லையே?

வெந்துவிட்டது, அவ்வளவுதான். ரத்தம், பால், முட்டை எல்லாம் புரதம். சூடு பட்டால் முட்டை இறுகுகிற மாதிரி இழையில் இறுகிவிடும். அடுத்த முறை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு, புரதத்தை உடைக்கும் என்சைம் உள்ள சோப்பு கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். இப்போது இருக்கும் கறைக்கும் அதையே ராத்திரி முழுக்கச் செய்து பார்க்கலாம். முழுதாகப் போகும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

அப்படியென்றால் கம்பளி, பட்டுக்கும் அதே சோப்பு போடலாமா?

கூடாது. கம்பளியும் பட்டும் புரத இழைகள்தான். கறையைத் தின்னும் என்சைம் துணியையும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். மென்துணிக்கான சோப்பு, குளிர்ந்த தண்ணீர், கையால் மெல்ல அமுக்கி எடுப்பது, இவ்வளவு போதும். கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டு மெஷினில் சுழலவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் அலமாரியில் ஒரு ஸ்வெட்டர் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்குக் கச்சிதமாக இருக்கும்.

பவுடரா, லிக்விடா?

வெள்ளைத் துணிக்கும் டீ, காபிக் கறைக்கும் பவுடர். பல பவுடர்களில் ஆக்சிஜன் பிளீச் கலந்திருக்கும், லிக்விடில் அது பொதுவாக இருக்காது. எண்ணெய்ப் பிசுக்குக்கும் குளிர்ந்த தண்ணீருக்கும் லிக்விட். கறுப்புத் துணியில் வெள்ளைத் திட்டு விழுகிறதென்றால் பவுடர் கரையவில்லை என்று அர்த்தம். தனியாக வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள்.

சாஃப்ட்னர் போட்டும் துண்டு தண்ணீரை உறிஞ்சுவதில்லை, ஏன்?

போட்டதால்தான். அது இழைமேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு விடும். துண்டுக்கு வேண்டாம்.

வெண்மைக்காகக் குளோரின் பிளீச்சோடு வினிகரும் சேர்க்கலாம் என்கிறார்களே?

சேர்க்கவே சேர்க்காதீர்கள். அமிலம் பட்டால் பிளீச்சிலிருந்து குளோரின் வாயு கிளம்பும், அது நச்சு. அம்மோனியா கலந்த எதையும் அதோடு சேர்க்கக் கூடாது. தெரியாமல் கலந்துவிட்டால் மெஷினை நோண்டிக்கொண்டு நிற்காமல், போகிற வழியில் ஜன்னல் இருந்தால் திறந்துவிட்டு, உடனே வெளியே வந்துவிடுங்கள்.