ஸ்டென்ட் வைத்தவருக்கு நாடித்துடிப்பு 84: நார்மல்தானா?

கேள்வி: எனக்கு வயது 58. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். மெட்டோப்ரோலால் 50 மி.கி. கொடுத்திருந்தார்கள். பிரஷர் 120/76 என்று நன்றாக இருந்ததால் மூன்று மாதமாகப் பாதி மாத்திரைதான் போடுகிறேன். இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 84 காட்டுகிறது. 60 முதல் 100 வரை நார்மல் என்கிறார்களே, கவலைப்பட வேண்டுமா?

பதில்: பயப்பட வேண்டாம். ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. 60–100 என்பது எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் அளவு. மாரடைப்பு வந்த இதயத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. 2008-ல் வெளியான 'பியூட்டிஃபுல்' ஆய்வில், ரத்தக்குழாய் அடைப்போடு இதயத்தின் பம்பிங் திறனும் குறைந்திருந்தவர்களைக் கவனித்தார்கள். ஓய்வில் துடிப்பு 70-ம் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு, 70-க்குக் கீழே இருந்தவர்களைவிட இதய நோயால் இறக்கும் ஆபத்து 34 சதவீதம் கூடுதலாக இருந்தது.

காரணம் எளிது. இதயத் தசைக்கான ரத்தம் பெரும்பாலும் இதயம் விரியும் நேரத்தில்தான் பாய்கிறது. துடிப்பு 60 என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு விநாடி. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விரியும் நேரம். துடிப்பு 90 ஆனால் சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறையாது, விரியும் நேரம்தான் பாதியளவுக்கு வந்துவிடும். வேலை கூடுகிறது, வரும் ரத்தமோ குறைகிறது.

அதற்காக எண்ணைக் குறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 2014-ல் வந்த 'சிக்னிஃபை' ஆய்வில், இதயச் செயலிழப்பு இல்லாத 19,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். ஐவாப்ரடின் மாத்திரையால் துடிப்பு குறைந்தது. மாரடைப்போ இதய நோய் மரணமோ குறையவில்லை. ஆகவே துடிப்பு ஏன் ஏறியது என்பதுதான் முதல் கேள்வி.

உங்கள் விஷயத்தில் முதல் சந்தேகம் அந்தப் பாதி மாத்திரை மேல்தான். மெட்டோப்ரோலால் பிரஷர் மாத்திரை மட்டும் அல்ல. உங்களுக்கு இதயத்துக்காகவும் கொடுத்தது. எவ்வளவு காலம் தொடர வேண்டும் என்பதை எக்கோவில் (இதயத்தை ஸ்கேன் செய்யும் பரிசோதனை) பம்பிங் எவ்வளவு என்று பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். நீங்களாக ஏற்றவும் வேண்டாம், மேலும் குறைக்கவும் வேண்டாம். திடீரென அடியோடு நிறுத்தினால் துடிப்பு எகிறி நெஞ்சுவலியே வரலாம்.

அடுத்து ரத்தசோகை, தைராய்டு, காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு, புகை, மூச்சிரைப்புக்கான சால்பியூட்டமால், மூக்கடைப்பு மாத்திரைகள். ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), இசிஜி, எக்கோ ஆகியவற்றில் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

மருத்துவரிடம் போகுமுன் ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். காலையில் காபிக்கும் மாத்திரைக்கும் முன், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். கட்டைவிரலுக்கு நேர்கீழே மணிக்கட்டில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வையுங்கள். கட்டைவிரலால் பார்த்தால் அதன் துடிப்பே குழப்பும். முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். இடையிடையே தாளம் தப்பினால் அதையும் குறியுங்கள். அதற்கு இசிஜி கட்டாயம்.

துடிப்பு 50-க்குக் கீழே போய்த் தலைசுற்றினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். கண்ணழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு மருந்து விடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், அதுவும் துடிப்பைக் குறைக்கும். நெஞ்சில் அழுத்தம், மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.