சூரிச்சில் எடுத்த டொச் (ஜெர்மன்) சான்றிதழ் லொசானில் செல்லுமா?

சுவிஸில் வாழும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "ஆறு வருடமாக பி வதிவிட அனுமதியோடு சூரிச்சில் இருக்கிறோம். கணவருக்கு லொசானில் வேலை கிடைத்திருக்கிறது. நான் டொச் ஏ2 (அடிப்படை நிலை) முடித்துவிட்டேன். அது அங்கே உதவுமா? மகள் மூன்றாம் வகுப்பு, சமாளிப்பாளா? ஞாயிற்றுக்கிழமை உடுப்பு துவைத்ததற்கு இங்கே பக்கத்து வீட்டார் கடிதம் எழுதிவிட்டார். அங்கேயும் இப்படித்தானா?"

சகோதரி, சி அனுமதிக்கு (நிரந்தர வதிவிட அனுமதி) அந்தச் சான்றிதழ் லொசானில் செல்லாது. சுவிஸில் தேசிய மொழிகள் நான்கு என்றாலும், நான்கும் எல்லா ஊரிலும் செல்லுபடியாவதில்லை. மொழி இடத்தோடு கட்டப்பட்டது. 26 கன்டோன்களில் (மாநிலங்களில்) பேர்ன், ஃபிரிபூர், வலே மூன்றும் இருமொழி, கிராபுண்டன் மும்மொழி. லொசான் இருக்கும் வோ கன்டோனில் அலுவலகமும் பள்ளியும் பிரெஞ்சுதான்.

சி அனுமதி வழக்கமாகப் பத்து ஆண்டில் கிடைக்கும். குடியிருக்கும் இடத்தின் மொழியில் பேச்சு ஏ2, எழுத்து ஏ1 வேண்டும். பேச்சில் பி1 (ஏ2-க்கு அடுத்த நிலை) இருந்தால் ஐந்து ஆண்டிலேயே கேட்கலாம். நீங்கள் ஆறு ஆண்டைத் தாண்டிவிட்டீர்கள். வேலை தொடங்க அவகாசம் இருக்குமானால், சூரிச்சில் இருக்கும்போதே ஃபிடே என்ற மொழித் தேர்வில் டொச் பி1 எடுத்து விண்ணப்பித்துவிடுங்கள். கட்டாயம் தருவார்கள் என்றில்லை, ஆனாலும் முயன்று பார்க்க வேண்டிய வழி. குடியுரிமை எண்ணம் இருந்தால் இன்னொன்று: கன்டோனைப் பொறுத்து 2 முதல் 5 ஆண்டு அங்கே வசித்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

பி அனுமதியோடு கன்டோன் மாற, வோ குடிவரவு அலுவலகத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். பலர் வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இதை விசாரிக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சூரிச்சின் மூன்றாம் வகுப்புக்கு அங்கே 5பி என்று பெயர். வோ பள்ளிகளில் டொச் பாடம் தொடங்குவதே அந்த வகுப்பில்தான். பிரெஞ்சில் திணறும் முதல் மாதங்களில், அந்த ஒரு பாடத்திலாவது அவள்தான் முதல் ஆளாக இருப்பாள். ஆசிரியரிடம் இதை முன்பே சொல்லிவையுங்கள். என் கவலை உங்களைப் பற்றித்தான். வேலைக்குப் போகிறவருக்கும் பள்ளிக்குப் போகிறவளுக்கும் பிரெஞ்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும், வீட்டில் இருப்பவருக்கு விழாது. போன உடனே வகுப்பில் சேருங்கள்.

ஞாயிறு துவைக்கக்கூடாது என்று நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் கிடையாது. அது வாடகை ஒப்பந்தத்தோடு தரும் வீட்டு விதிகளில் இருக்கும். இரவு 10 மணிக்குப் பிறகு சத்தம் கூடாது, ஞாயிறு அமைதி என்பவை லொசானிலும் உண்டு. துவைக்கும் அறை முறைப்பட்டியலை முதல் நாளே கட்டடப் பராமரிப்பாளரிடம் கேட்டு வாங்குங்கள். முடிந்ததும் உலர்த்தியின் வடிகட்டியில் ஒட்டிய பஞ்சை எடுத்து, இயந்திரத்தின் ரப்பர் விளிம்பைத் துடைத்து, சாவியை உரிய நேரத்தில் அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான மனக்கசப்பு அந்தப் பஞ்சில்தான் தொடங்குகிறது.

பக்கத்து வீட்டாரின் கடிதத்தைப் பகையாக எடுக்காதீர்கள். நேரில் சொல்லத் தயங்கி எழுதுவது சுவிஸில் சாதாரணம். "விதி தெரியாமல் செய்துவிட்டேன், இனி நடக்காது" என்று இரண்டு வரி டொச்சில் எழுதி அவர் தபால்பெட்டியில் போட்டாலே போதும்.