ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள்: யாரைத் திருப்பி அனுப்ப முடியும்?

கேள்வி: நான் 1984 செப்டம்பரில் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தேன். 1988-ல் பெற்றோருடன் மன்னாருக்குத் திரும்பினோம். 1990-ல் மறுபடி சண்டை மூண்டதும் படகில் வந்துவிட்டோம். கணவரும் அதே ஆண்டு படகில் வந்தவர்தான். இப்போது மதுரை ஆனையூர் முகாமில் இருக்கிறோம். மகள் 2004 மே மாதம் மதுரையில் பிறந்தாள், மகன் 2009-ல். அமெரிக்காவில் குடும்பத்தோடு பிள்ளைகளையும் நாடு கடத்துவதைச் செய்திகளில் பார்த்துப் பயமாக இருக்கிறது. இங்கேயும் அனுப்பிவிடுவார்களா? இலங்கையைப் பார்த்தே இராத பிள்ளைகளை அனுப்புவது நியாயமா?

பதில்: வெளிநாட்டவரைத்தான் நாடு கடத்த முடியும். ஆகவே உங்கள் வீட்டில் யார் யார் வெளிநாட்டவர் என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

குடியுரிமைச் சட்டம், 1955-ன் 3-ஆம் பிரிவில் இரண்டு தேதிகள் முக்கியம். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குத் தாய், தந்தையரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: இருவருமே இந்தியர், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். 1984-ல் மண்டபத்தில் பிறந்த நீங்கள் இந்தியர். 2004 மே மாதம் பிறந்த மகளுக்குத் தாய் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும், அவளும் இந்தியர். மகன் 2009-ல் பிறந்தவன். கடவுச்சீட்டு இல்லாமல் படகில் வந்த தந்தை, சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. அந்த ஒரு காரணத்தால் மகனுக்குப் பிறப்புக் குடியுரிமை கிடைக்காது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் அக்காள் இந்தியர், தம்பி இல்லை. அநியாயம் எங்கே என்று கேட்டால், எங்களுக்குப் படுவது இங்கேதான். தந்தை ஏறி வந்த படகுக்கான தண்டனையை, பத்தொன்பது ஆண்டு கழித்துப் பிறந்த பிள்ளையின் தலையில் வைக்கிறது சட்டம்.

உங்கள் உரிமை வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு முகாம் பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது. அவர் 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கும் போட்டார்.

நீங்களும் மகளும் 'குடியுரிமை வேண்டும்' என்று மனுப் போடாதீர்கள். அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவின் கீழ் குடிமகனாகப் பதியச் சொல்லிக் கேட்டால், நீங்களே உங்களை வெளிநாட்டவர் என்று எழுதிக் கொடுத்ததாகிவிடும். இருவரும் நேராகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு மதுரைக் கிளையில் ரிட் மனுத் தாக்கல் செய்யலாம்.

எல்லாம் உங்கள் பிறப்புச் சான்றிதழில்தான் நிற்கிறது. பிறந்த இடத்துப் பதிவாளரிடம் 1984-ஆம் ஆண்டுப் பதிவேட்டைத் தேடச் சொல்லுங்கள். மகப்பேறு ராமநாதபுரம் மருத்துவமனையில் நடந்திருந்தால் பதிவு அந்த ஊரில் இருக்கும், மண்டபத்தில் இருக்காது. பதிவே இல்லையென்றால் 'பதிவு இல்லை' என்ற சான்றை வாங்கி, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய முகாம் பதிவேட்டின் நகல், பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றோடு தாமதப் பதிவுக்கு மனுச் செய்ய வேண்டும். பிறந்து ஓராண்டு கடந்த பதிவுக்கு முன்பு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் உத்தரவு தேவைப்பட்டது. 2023 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு ஆட்சியர், சார் ஆட்சியர், ஆட்சியரால் அதிகாரம் தரப்பட்ட நிர்வாக நடுவர் ஆகியோரே உத்தரவிடலாம். ஆகவே முதலில் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில் விசாரியுங்கள்.

வழக்குகள் சறுக்கும் இடம் முகாம் அட்டை. உங்கள் அட்டையில் வருகைத் தேதி 1990 என்று இருக்கும். அதைப் பார்க்கும் அதிகாரி, நீங்களும் அந்த ஆண்டில் முதன்முதலாக வந்தவர் என்றே முடிவு கட்டுவார். எனவே 1984-ல் இங்கே பிறந்ததற்கும் 1988-ல் திரும்பிப் போனதற்கும் உள்ள தாள்களைச் சேர்த்தே கொடுங்கள். குழந்தையாகப் பெற்றோருடன் மன்னாரில் இரண்டு ஆண்டுகள் இருந்ததால் குடியுரிமை போய்விடாது. அடுத்தது வயது. அட்டையில் பிறந்த ஆண்டைக் குத்துமதிப்பாக 1988 என்று எழுதியிருந்தால் உங்கள் வழக்கோடு மகளின் வழக்கும் சேர்ந்து சாயும். பாஸ்போர்ட்டுக்குப் போகுமுன் திருத்துங்கள். பெயர் எழுத்துக்கூட்டல் ஆதார், அட்டை, சான்றிதழ் மூன்றிலும் ஒன்றாக இருக்கட்டும். ஆதார் வசிப்பிடத்துக்கான அடையாளம்தான். குடியுரிமைக்கு அது சான்றாகாது.

மூன்றாவது, அதிகம் பேசப்படாதது: 'எதற்கும் இருக்கட்டும்' என்று இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிப்பது. பிறநாட்டுக் குடியுரிமையைத் தானாக முன்வந்து பெற்றால் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். நீங்களும் மகளும் அந்தப் பக்கமே போக வேண்டாம். இன்னொன்றையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பணக்கொடை, முகாம் வீடு போன்றவை அகதிகளுக்கான உதவிகள். இந்தியர் என்று நிலைநாட்டிய பிறகு அவை தொடருமா என்ற கேள்வி வரும்.

இனி மகன். அவனுக்கு இருக்கும் வாசல் 5(4)-ஆம் பிரிவு. சிறப்புச் சூழல் இருப்பதாகக் கருதினால், பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் மத்திய அரசு குடிமகனாகப் பதியலாம் என்கிறது அது. தாயும் அக்காளும் இந்தியர், பிறந்ததும் படிப்பதும் இங்கே, வேறு எந்த நாட்டிலும் பதிவு இல்லை என்பதே மனுவின் சாரமாக இருக்க வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில், அச்சுப்படியும் ஆவணங்களும் ஆட்சியர் அலுவலகத்தில். ஆட்சியர் 60 நாளில் மாநில அரசுக்கும், மாநில அரசு 30 நாளில் டெல்லிக்கும் அனுப்ப வேண்டும் என்பது விதி. கோப்பு அதைவிட மெதுவாகவே நகரும் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். அவனுக்குப் பதினெட்டு நிறைந்த அன்று இந்த வாசல் மூடிவிடும். உங்கள் பாஸ்போர்ட் கையில் வந்த பிறகு மனுவைக் கொடுத்தால் பலம் அதிகம். அது தாமதமானால் காத்திருக்காமல் பிறப்புச் சான்றிதழோடு கொடுத்துவிடுங்கள்.

அதுவரை கணவரையும் மகனையும் அனுப்பிவிட முடியுமா? 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தோடு ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9-க்குள் இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவும் செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான பிரிவுகள் பொருந்தாது. கணவர் இதற்குள் வருகிறார். ஆனால் 'பதிவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். வெளியூரில் பெயிண்ட் வேலைக்குப் போய், முகாமில் நடக்கும் ஆள் தணிக்கைக்கு வராமல், பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்பட்டவர்களுக்கு இந்த விலக்கைக் கோருவதே சிக்கலாகும். இந்த ஆணை குடியுரிமையும் தராது, சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையையும் மாற்றாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தமோ பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளோடு நின்றுவிட்டது.

நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை அரசியலமைப்பில் குடிமக்களுக்கு மட்டுமே உரிய 19-ஆம் உறுப்போடு சேர்ந்தது என்று, மியான்மரிலிருந்து வந்த ரோஹிங்கியா அகதிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது. அதே உத்தரவில், உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் அனுப்பக் கூடாது என்றும் சொன்னது. உயிர் வாழும் உரிமையைத் தரும் 21-ஆம் உறுப்பு எல்லா மனிதருக்கும் பொருந்தும். அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992-ல் ஏற்றது. பிள்ளையின் நலனை முதன்மையாகப் பார்க்க வேண்டும், ஒரு நாட்டின் குடியுரிமையைப் பெறும் உரிமை அதற்கு உண்டு என்கிறது அது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை இலங்கைக் குடிமகனாக ஏற்க, அங்கேயும் பதிவு வேண்டும். உங்கள் மகனுக்கு அது இல்லை. எந்த நாடும் தன்னவன் என்று எழுதி வைக்காத சிறுவனை எந்த நாட்டுக்கு 'திருப்பி' அனுப்புவது? ரிட் மனுவில் வழக்கறிஞர் முதலில் வைக்க வேண்டிய கேள்வி இதுதான்.

அமெரிக்கச் செய்தியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம் 1868-லிருந்து பிறந்த மண்ணை அடிப்படையாக வைத்திருக்கிறது. சிக்கலும் வேறு: பிள்ளை குடிமகன், பெற்றோர் இல்லை.

விசாரணை என்று யாராவது அழைத்தால் போங்கள். ஒளிந்தால் நிலைமை மோசமாகும். 'விருப்பத்தின் பேரில் நாடு திரும்புகிறேன்' என்ற தாளில் மட்டும் வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள், மகனுக்காகவும் போடாதீர்கள். எந்த ஆணையானாலும் நகல் கேளுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், அல்லது 15100-ஐ அழைக்கலாம். போகும்போது முகாம் அட்டை, நால்வரின் பிறப்புச் சான்றிதழ்கள், மகனின் பள்ளிச் சான்று ஆகியவற்றை இரண்டு படிகள் எடுத்துக்கொண்டு போங்கள்; மூலத்தை யாரிடமும் விட்டு வராதீர்கள்.