எவ்வளவு தெரியும் என்று கேட்கிறார்கள்

அன்புள்ள அக்கா,

நான் உப்புவெளியில் இருக்கிறேன். வயது 29. திருகோணமலை நகரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் இருக்கிறது. பத்திரிகை எழுத்தைத் தடங்கலின்றி வாசிக்கிறேன். பக்கத்தில் நிற்கும் சைக்கிளில் மோதிக்கொள்கிறேன். பொழுது பட்டால் வீதியே இல்லாமல் போய்விடுகிறது. அலுவலகத்தில் "நடிக்கிறாள்" என்று பேசியது காதில் விழுந்தது. "உனக்கு எவ்வளவு தெரியும்?" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. காலையில் எழுந்ததும் சுவர்க் கலண்டரைப் பார்த்து, நேற்றுத் தெரிந்தது இன்றும் தெரிகிறதா என்று சோதிக்கிறேன். வெள்ளைப் பிரம்பு பழகப்போகிறேன் என்றால், "இருக்கிற பார்வையையும் நீயே போக்கிக்கொள்ளாதே" என்று அம்மா அழுகிறார். மாமா மகனுக்கு என்னைப் பேசுகிறார்கள். சொந்தம் என்றால் ஒன்றும் விளக்கத் தேவையில்லையாம். நீங்களும் காலில் குறைபாட்டோடு வாழ்பவர். இன்னும் போய்விடும் என்ற பயத்தை எப்படித் தாங்குகிறீர்கள்?

வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கைக்கு,

"நடிக்கிறாள்" என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. விழித்திரையின் நடுப்பகுதிதான் எழுத்தை வாசிக்கிறது. மங்கிய ஒளியையும் பக்கத்தில் அசைவதையும் பிடிப்பவை அதைச் சுற்றியுள்ள கோல் கலங்கள். உங்கள் நோயில் பெரும்பாலும் அவைதான் முதலில் அழிகின்றன. எனவே ஊசியில் நூல் கோக்கும் ஒருத்தி வாசற்படியில் தடுக்கி விழுவதில் எந்தப் பொய்யும் இல்லை. நோக்கும் புள்ளியைச் சுற்றி 10 பாகைக்கு மேல் பார்வை விரியாத ஒருவரை, எழுத்து எத்தனை துல்லியமாகத் தெரிந்தாலும், உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு பார்வையற்றோருடன் சேர்க்கிறது. அலுவலகத்தில் நம்பிக்கையான ஒருவரிடமாவது இதைச் சொல்லிவையுங்கள்.

ஆனால் எல்லோருக்கும் இவ்வளவும் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல நீங்கள். "எவ்வளவு" என்று கேட்பவருக்கு அளவில் பதில் சொல்ல முயல்வதால்தான் திணறுகிறீர்கள். பாகைக் கணக்கு கண் வைத்தியருக்கு. மற்றவர்களுக்கு நேரத்தையும் இடத்தையும் வேலையையும் சொல்லுங்கள். "வெயிலிலிருந்து உள்ளே வந்தால் சற்று நேரம் ஒன்றும் தெரியாது, பொறுங்கள்." "கை நீட்டினால் காணமாட்டேன், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்." "கோட்டைப் பக்கம் மான் குறுக்கே வந்தால் எனக்குத் தெரியாது, நீங்கள் சொல்லுங்கள்." என் காலைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் போலியோவின் கதையைச் சொல்வதில்லை. கோணேசர் கோயிலுக்கு வரும்படி அழைத்தால், "ஏற்றம் ஏறமாட்டேன், வாகனம் எதுவரை போகும்?" என்று கேட்பேன். அதிலேயே என் கால் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

இனி பயம். போலியோ ஒருமுறை வந்து, எடுத்ததை எடுத்துக்கொண்டு போய்விடும் என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தோம். அது முழு உண்மையல்ல. அழிந்த நரம்புக் கலங்களின் வேலையையும் சேர்த்துச் சுமந்த கலங்கள் பல ஆண்டுகளுக்குப் பின் களைத்துப்போகின்றன. தப்பியவர்கள் பலருக்குப் புதிய பலவீனம் வருகிறது. எனக்கும் வந்திருக்கிறது. நான் நம்பியிருந்த வலது கால் இப்போது மத்தியானத்துக்குள் சோர்கிறது. இலங்கையில் 1993 க்குப் பின் போலியோ இல்லை என்பது பெரும் மகிழ்ச்சி. ஆனால் இளம் வைத்தியர்கள் பலருக்கு இந்த நோய் புத்தகத்தில் மட்டுமே இருக்கிறது. என் புதிய பலவீனத்தை நானே விளக்க வேண்டியிருந்தது.

உங்கள் கலண்டர் சோதனை எனக்கு நன்றாகப் பழக்கம். விடியற்காலையில் கட்டிலில் கிடந்தபடியே குதிகாலைத் தூக்கிப் பார்த்து, எத்தனை உயர்கிறது என்று கணக்கெடுத்த காலம் எனக்கும் உண்டு. தூக்கம் கெட்ட இரவுக்குப் பின் கால் உயராது. அன்று முழுவதும் மனம் எழாது. உங்கள் கலண்டரும் அப்படித்தான் ஏமாற்றும். அது நடுப்பார்வையையே சோதிக்கிறது. உங்கள் நோயோ ஓரங்களிலிருந்து வருகிறது, அதுவும் ஆண்டுக் கணக்கில் மெதுவாக. மேகம் மூடிய காலையில் எழுத்து மங்குவது நோய் கூடியதாலல்ல. அந்த வேலையைக் கிளினிக்கில் எடுக்கும் பார்வைப் புலச் சோதனையிடம் விட்டுவிடுங்கள். நான் என் குதிகாலை இயன்மருத்துவரிடம் விட்டேன். பயம் போகவில்லை; காலைப்பொழுது மட்டும் எனக்குத் திரும்பிக் கிடைத்தது. அது சிறிய ஆதாயம் என்று நான் நினைக்கவில்லை.

தைரியமாக இருங்கள் என்று எழுதமாட்டேன். இன்னும் போகாத பார்வைக்காக இப்போதே துக்கப்படுகிறீர்கள் என்றால் படுங்கள். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

அம்மா அழுவது எனக்கு விளங்குகிறது. கெட்டதை வாயால் சொன்னாலே வந்துவிடும் என்று வளர்ந்த தலைமுறை அது. பிரம்பைக் கையில் எடுப்பது அவருக்கு அதைவிடப் பெரிய அபசகுனம். விவாதம் செய்யாதீர்கள். ஒரு நாள் மாலை அவரைக் கூட்டிக்கொண்டு நிலாவெளி வீதியில் நடந்து, நீங்கள் காண்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாருங்கள்: இப்போது வெளிச்சம் மட்டும் வருகிறது, அது மோட்டார் சைக்கிளா ஆட்டோவா என்று தெரியவில்லை, இப்போது என் கால் எங்கே படுகிறதென்று தெரியவில்லை. மகளின் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று அம்மாவுக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பிரம்பு உங்களுக்குத் தரையைக் காட்டும்; மோட்டார் சைக்கிளில் வருபவனுக்கு உங்களைக் காட்டும். இரண்டாவது பயன் அம்மாவுக்கு உடனே புரியும்.

கணினித் திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் இலவசம், தமிழும் வாசிக்கும். பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006 இல் தொடங்கியது. கணக்கு வேலையை விடாமலிருக்க இது உதவும். திரை கண்ணுக்குத் தெரியும்போதே பழகினால், தவறு நேர்ந்த இடத்தை நீங்களே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

மாமா மகன் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இந்த நோய் பல வகையாகப் பரம்பரையில் வருகிறது. பெற்றோர் இருவரிடமும் மறைந்திருந்து பிள்ளைக்கு வரும் வகை என்றால், சொந்தம் என்பதாலேயே அவரிடமும் அதே பரம்பரையலகு இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. விளக்கத் தேவையில்லை என்று வீட்டார் நினைக்கும் இடத்தில்தான் அதிகம் விளக்க வேண்டியிருக்கிறது. உங்களுடையது எந்த வகை என்று கண் வைத்தியரிடம் முதலில் கேளுங்கள். மாமா மகனையும் உடன் வரச் சொல்லுங்கள். உங்கள் பார்வையைப் பற்றி அவர் உங்கள் வாயால் கேட்கட்டும், மாமியின் வாயால் வேண்டாம்.

அன்புடன்,
அக்கா